சுங்கானுக்கு வந்த சிவப்பு

சுங்கானைக் கழுவக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களில் யாருக்காவது பரண்மேல் பழைய சுங்கான் ஒன்று அகப்பட்டு, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்று யோசனை ஓடினால் அதை அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே படிந்திருக்கும் கரி அழுக்கு இல்லை. அதுதான் மரத்தை நெருப்பிலிருந்து காப்பாற்றுகிறது. கொஞ்சம் இருக்க வேண்டும், ரொம்ப ஏறிவிட்டால் சுரண்ட வேண்டும், மற்றபடி கோழி இறகால் துடைத்தால் போதும்.

சுங்கான் என்று நான் சொல்வது பைப். புகையிலையை அடைக்கிற மரக்கிண்ணத்துக்கு எங்கள் வீட்டில் கட்டை என்று பெயர். வாயில் கடித்துக்கொள்கிற கறுப்புப் பகுதிக்குக் குழாய் என்று பெயர். நான் ஒருநாளும் புகைத்ததில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையைச் சுங்கான் பழுதுபார்க்கிற வீட்டில் கழித்தேன், அவ்வளவுதான் என் தகுதி.

அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை. அம்மாவுக்குத் தம்பி பிறந்து வீடே பிரசவ மருந்தும் பூண்டுமாக மணந்துகொண்டிருந்த நேரம். நான் தொட்டில் பக்கம் போனாலே "புள்ளய எழுப்பாத" என்று ஒரு அதட்டல் வரும். பரீட்சை முடிந்ததும் என்னைப் பாசஞ்சரில் ஏற்றித் திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார்கள். விக்கிரவாண்டி தாண்டும்வரை அழுதேன். பேரணியில் அப்பா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக் கொடுத்தார், அதற்குப் பிறகு அழுததாக நினைவில்லை.

பெரியம்மா அம்மாவின் அக்கா. பெரியப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கம் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. பெரியம்மாவுக்குக் கேணியும் கொஞ்சம் நிலமும் இருந்தன, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் அவர்தான் பெண்டாட்டி ஊருக்குக் குடிவந்தார். "வாயில பைப்பு, கையில மம்முட்டி" என்று எங்கள் அப்பா வீட்டு ஆட்கள் கேலி பேசுவார்கள். பெருமைக்குப் புகைக்கிறார், துரை என்று நினைப்பு என்பார்கள். அவர் துரையாக இருந்து நான் பார்த்ததில்லை. கேப்பைக் களியைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து, சத்தம் போட்டுச் சாப்பிடுகிற துரை உண்டா?

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மாவுக்கு அவர்தான் எல்லாம். முந்தைய வருடம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டிப்போய், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரியம்மா திருவக்கரைக்கு ஓடிப்போய் வக்கிரகாளியம்மன் முன்னால் நின்று, "இவரப் பொழைக்க வெச்சுக் குடு ஆத்தா. சுங்கான் இனிமே அவரு வாயில படாது. நானும் பொயில போடறத வுட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அவள் நாள் முழுக்க வெற்றிலையும் புகையிலையும் மெல்லுகிறவள். அவர் சார்பில் அவரைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தாள். அவர் பிழைத்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு "சவா" என்றாராம். சரி என்று அர்த்தம்.

வாக்குத் தவறினால் ஆத்தா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாள். பெரியம்மா இதில் துளியும் சந்தேகம் இல்லாதவள். அவர் வாயில் சுங்கான் பட்டால் அவர் உயிர் போகும். அந்த வீட்டில் அந்தக் கோடை முழுக்க அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

புகைப்பதை விட்டாரே தவிர, சுங்கானை அவர் விடவில்லை. பட்டாளத்துக் கூட்டாளிகள் பாண்டிச்சேரியில் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் வயதாகிவிட்டது, எல்லாருடைய சுங்கானுக்கும் வயதாகிவிட்டது. மாதம் ஒருமுறை போய்வரும்போது ஒரு துணிப்பையில் அவற்றை வாங்கிக்கொண்டு வருவார். பை அவர் நடைக்கு ஏற்பக் கடகடவென்று பேசிக்கொண்டே வரும். கூட்டாளிகள் எனக்கென்று கொடுத்தனுப்புகிற வெண்ணெய் பிஸ்கட் டின்னும் அதிலேயே இருக்கும். அந்த பிஸ்கட்டை நான் நாக்கில் வைத்துக் கரைய விடுவேன், கடிக்க மாட்டேன்.

தோட்டத்துப் பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டகையில் வேலை நடக்கும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் வாசனை, தேன்மெழுகு வாசனை, ஊறிப்போன பழைய புகையிலை வாசனை எல்லாம் சேர்ந்து, அங்கே போனால் ஊசி போடப்போகிறார்களோ என்று எனக்கு முதலில் பயமாக இருந்தது. ரொம்பக் கசந்துபோன கட்டைக்குள் கல் உப்பை நிரப்பி ஸ்பிரிட் சொட்டுவிட்டு வைத்துவிடுவார். மறுநாள் உப்பு வெல்லக் கலரில் இருக்கும். கட்டைக்குள் இறுக்கமாகப் போகிற குழாயின் முனையில் என் பள்ளிக்கூடப் பென்சிலின் கரியைத் தேய்ப்பார், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வெயில் பட்டுப் பச்சையாகிப்போன குழாய்களைத் தேங்காய் எண்ணெயும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக் கறுப்பாக்குவார். என் பென்சில் அந்தக் கோடையிலேயே கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டிருந்தேன், எந்த வீடு மாறும்போதோ போய்விட்டது.

பழுது பார்த்த சுங்கான் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. வாயில் வைக்கக் கூடாது என்று வாக்கு. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பஸ்களில் பாம்பாம் என்று அமுக்குகிற ஹாரன் இருந்ததே, அதன் ரப்பர் குடுவையைக் குழாயின் முனையில் மாட்டுவார். கட்டைக்குள் ஒரு கங்கு, மேலே சாம்பிராணி. குடுவையை அமுக்கி விட்டால் அது புஸ்ஸென்று புகையை உள்ளே இழுத்து, மறுபடி அமுக்கும்போது வெளியே விடும். ரப்பர் குடுவை பிரெஞ்சுப் பட்டாளத்து ஆள் மாதிரி உட்கார்ந்து சுங்கான் பிடிக்கும். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

"சிரிக்காத பாப்பா. இதுக்கு நெஞ்சு சளி கட்டாது. நல்ல புள்ள" என்பார்.

இந்த சாம்பிராணியில்தான் வினை வந்தது. கொட்டகைத் தகரத்து ஓட்டை வழியாகப் புகை வருவதைப் பெரியம்மா சமையல்கட்டிலிருந்து பார்த்தாள்.

"இன்னாங்க பொகை வருது?"

"சாம்பிராணி."

"பட்டப்பகல்ல எதுக்கு சாம்பிராணி?"

"சுங்கானுக்கு."

இதைவிட மோசமாக ஒரு மனிதன் பதில் சொல்ல முடியாது. ரப்பர் குடுவையைக் காட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அவள் கொட்டகைப் பக்கமே வர மாட்டாள். புகையிலை வாசனை பட்டால் அவளுக்கு வாய் ஊறும், தன் வாக்கும் போய்விடுமோ என்று பயம். புகையிலை நாற்றத்தை மறைக்கத்தான் சாம்பிராணி போடுகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கேட்டுச் சண்டை போடவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

கூட்டாளிகளுடைய சுங்கான்கள் கொட்டகையில் இருக்கும். பெரியப்பாவின் சொந்தச் சுங்கான் மட்டும் கூடத்துச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கும். பட்டாளத்தில் அவருடன் இருந்து செத்துப்போன ஒரு சிநேகிதர் கொடுத்தது. குழாயில் இரண்டு பேருடைய பல் தடமும் இருந்தது. பெரியம்மா காலையில் விளக்கேற்றியதும் என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, மோதிர விரலில் குங்குமம் தொட்டு அந்தக் கட்டையின் உள்ளே, அடியில் ஒரு பொட்டு வைப்பாள். புகைத்தால் குங்குமம் கருகிவிடும். புகைக்காவிட்டால் அப்படியே இருக்கும். சாயங்காலம் விரலை விட்டுப் பார்ப்பாள். குங்குமம் கருகியும் இருக்காது, அப்படியேயும் இருக்காது. சுத்தமாகக் காணாமல் போயிருக்கும்.

ஏன் என்றால், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்த் துடைப்பார். அவர் பட்டாளத்து ஆள். சுடாத துப்பாக்கியையும் தினம் துடைத்துப் பழகியவர், புகைக்காத சுங்கானையும் தினம் துடைத்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள் உதிர்க்கிற இறகைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டுச் சுழற்றி எடுப்பார்.

ஒருநாள் இறகைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நுனி சிவந்திருந்தது. கரியும் ஸ்பிரிட்டும் சேர்ந்து துருவா ரத்தமா என்று சொல்ல முடியாத ஒரு சிவப்பு.

"இன்னா பாப்பா இது? கட்டை செவப்பு கக்குது?"

எனக்கென்ன தெரியும்? முழித்தேன். மறுநாளும் சிவப்பு. அதற்கடுத்த நாளும். அவர் முகம் வாடிப்போனது. கரும்புக்கு உள்ளே சிவந்து அழுகுகிற சீக்கு ஒன்று வருமே, அதுபோல மரத்துக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கட்டைக்குள் எட்டிப் பார்ப்பார். உப்பு வைத்தியம் செய்தார். மறுநாளும் சிவப்புதான். துணிப்பையில் போட்டுப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போய்க் கூட்டாளிகளிடம் காட்டினார். அன்றைக்குக் குங்குமம் வைக்குமுன் சுங்கான் கிளம்பிப்போய்விட்டதால், அவர்கள் முன்னால் இறகு சுத்தமாக வந்தது. அவர்கள் அவரைக் கேலி செய்து அனுப்பினார்கள்.

"அங்க போனா செவப்பு வரல. இங்க வந்தா வருது. நம்ம ஊரு காத்து ஒத்துக்கல போல" என்று என்னிடம் சொன்னார்.

இத்தனை வருடமாகத் தினமும் பெண்டாட்டி நெற்றியில் பார்க்கிற நிறம். இப்போது நினைத்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்கலாம் போலிருக்கிறது. காலையில் ஒருத்தி வைக்கிறாள், மத்தியானம் ஒருத்தர் துடைக்கிறார், சாயங்காலம் ஒருத்தி அழுகிறாள். ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கிடையாது. பெரியவர்கள் எல்லாம் பேசித்தான் வாழ்கிறார்கள் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன்.

பௌர்ணமியன்று பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவக்கரைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை, எலுமிச்சை மாலைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு போனோம். அவள் மடியில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். உதடு துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நேராக உண்டியலிடம் போய் மடியை அவிழ்த்தாள். பெரியப்பாவின் சுங்கான்.

உண்டியல் வாய் நாணயமும் நோட்டும் போகிற அளவுக்குத்தான் இருந்தது. கட்டை போகவில்லை. திருப்பிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் "ஜல்தி போடும்மா" என்று அவசரப்படுத்தினார்கள். குழாயைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கப் போனாள். "இழுக்காத பெரிம்மா, ஒடஞ்சிடும். திருப்பிக் கழட்டணும்" என்று சொன்னேன். பெரியப்பா அப்படித்தான் செய்வார். திருப்பினாள். குழாய் கழன்று வந்தது. அதை உண்டியலுக்குள் விட்டாள். அடியில் போய் டங்கென்று விழுந்தது.

வெளியே பிராகாரத்தில் தூணோரம் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், சாம்பிராணி, குங்குமம். "டெய்லி வெக்கறேன் பாப்பா, டெய்லி காணாம பூடுது. இழுத்துட்டுத் தொடச்சி வெச்சிடறாரு. என்ன ஏமாத்தலாம், ஆத்தாள ஏமாத்த முடியுமா? உசுரு பூடுமே. அதான் சுங்கானயே ஆத்தாகிட்ட குடுத்துட்டேன். அவர உட்டுடுன்னு கேட்டுக்கினேன்."

"பெரிம்மா, அந்தக் குங்குமம் எறகுல வந்துச்சு" என்றேன்.

"எந்த எறகுல?"

"பெரிப்பா தொடைக்கிற எறகுல. தினம் செவப்பா வருது. கட்டைக்குக் கரும்பு சீக்கு வந்துடுச்சுன்னு அவரு பேஜாரா இருக்காரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. முதலில் நம்பவில்லை. "பிஸ்கட்டு துன்னுட்டு அவருக்குப் பேசறியா?" என்றாள். நான் ரப்பர் குடுவையைப் பற்றிச் சொன்னேன். சாம்பிராணியை அது எப்படி இழுக்கும் என்று கன்னத்தை உப்பிக் காட்டினேன். அவள் எழுந்து உண்டியல் பக்கம் இருந்த ஆளிடம் ஓடினாள்.

"அண்ணே, தெரியாம ஒண்ணு போட்டுட்டேன். எடுத்துக் குடுங்க."

"உண்டியல்ல வுழுந்தா ஆத்தாளுதும்மா."

"ஆத்தாளுக்கு அது எதுக்குண்ணே? சுங்கான் கொழாயி."

"அத போடறதுக்கு முன்ன யோசிச்சிருக்கணும்" என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

திரும்புகிற வழியில் மரம் கல்லாகிப்போய்க் கிடக்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். அதைப் பார்க்காமலே பஸ் ஏறினோம். பஸ்ஸில் கட்டையை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் பெரியப்பா கொட்டகையிலிருந்த பைகளை எல்லாம் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார். கூடத்தில் ஆணி காலியாக இருந்தது. பெரியம்மா கட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க கட்டைக்கு சீக்கு ஒண்ணும் இல்ல. நான் வெச்ச குங்குமம்."

"கொழாய் எங்க?"

"ஆத்தாகிட்ட."

முழுக்கதையையும் நின்றபடியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கட்டையைக் கையில் எடுத்து, குழாய் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா இல்லன்னுதான சொல்லியிருப்பீங்க."

"இல்லாதத இல்லன்னுதான சொல்லணும்?"

அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்குப் பெரியம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் குழாயில் செத்துப்போனவருடைய பல் தடம் இருந்தது அவளுக்கும் தெரியும்தானே. ஆனால் அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாதத்தை மூடி வைப்பதும் திறப்பதுமாக இருந்ததைப் பார்த்தபோது கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீடு ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. அவர் ஊரார் சுங்கானுக்கெல்லாம் எருமைக்கொம்பில் குழாய் செதுக்கி மாட்டுகிறவர். தன்னுடையதற்கு மட்டும் செதுக்கவில்லை. "ஏன் பெரிப்பா?" என்று கேட்டேன். "கொழாய் இல்லன்னா சந்தேகமும் இல்ல" என்றார். பிறகு ஒரு காலையில் பெரியம்மா விளக்கேற்றும்போது கட்டையைக் கொண்டுபோய் விளக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தினம் குங்குமம் வெச்ச இல்ல? வெச்சுக்கினே இரு. நான் தொடைக்கல."

கோபத்தில்தான் சொன்னார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பித்தளைச் சிமிழில் இருந்த குங்குமத்தை எல்லாம் கட்டைக்குள் கொட்டினாள், அன்றையிலிருந்து அதுதான் அவளுடைய குங்குமச் சிமிழ். அந்தக் குங்குமம் புகையிலை மணக்கும். ஒரு வாரம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவர், ஒருநாள் அவள் பொட்டு வைத்துக்கொள்ளும்போது "மோந்து பாத்துக்கினு வெக்கறியா? பொயில ஞாபகம் வருதா?" என்றார். அவள் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அவள் புகையிலையைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்து கடைசிவரை தொடவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அந்தச் சிமிழிலிருந்துதான் பொட்டு. என் கல்யாணத்தன்று என் நெற்றியில் புகையிலை வாசனை அடித்ததை என் வீட்டுக்காரர் வெகுநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா அதற்குப் பிறகு ரொம்ப வருடம் இருந்தார். வயதாகித்தான் போனார், நெஞ்சுச் சளியால் இல்லை. வளவனூரில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் சேதி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது தெருப் பெண்கள் பெரியம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காரியத்தன்று, இனி அவளுக்குக் குங்குமம் கிடையாது என்பதற்கான சடங்குகளை அவர்கள் ஆரம்பிக்குமுன் அவளே எழுந்தாள். கட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், செம்பருத்திச் செடியின் அடியில் குங்குமத்தைக் கவிழ்த்தாள். உள்ளே தட்டித் தட்டிக் கொட்டினாள். ஒரு பெண் சொம்பில் தண்ணீரோடு பின்னால் வந்தாள்.

"குடும்மா, கழுவிடறேன்."

"அத கழுவக் கூடாது" என்றாள் பெரியம்மா. "தொடைக்கணும்."

என்னைப் பார்த்தாள். நான் பக்கத்து வீட்டு வேலியோரம் போய் ஒரு கோழி இறகு பொறுக்கிக்கொண்டு வந்தேன். கொட்டகையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நனைத்து உள்ளே விட்டு, அவர் செய்வது போலவே மெதுவாகச் சுழற்றி எடுத்தாள். இறகு சிவப்பாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு இறகு கேட்டாள்.